கணக்கில் எழுதாத வரி

எங்கள் கல்லூரியில் எல்லா ஆசிரியைகளையும் மாணவிகள் ‘மேம்’ என்பார்கள். தமிழ்த் துறைக்காரர்களை மட்டும் ‘அம்மா’ என்பார்கள். அந்த அழைப்பில் கொஞ்சம் வசதி உண்டு, கொஞ்சம் சுமையும் உண்டு. சொந்தத் துறையில் கேட்கத் தயங்குவதை எங்களிடம் வந்து கேட்பார்கள். எந்தப் பாடம் எடுத்த பெண்ணானாலும் முதல் இரண்டு ஆண்டுகள் பகுதி ஒன்று தமிழுக்காக எங்கள் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இருபது ஆண்டுகளாக உயிர்வேதியியல் மாணவிகளை எனக்குத் தெரியும் என்றால் அதற்குக் காரணம் இதுதான். அவர்கள் படிக்கும் நொதிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வீட்டுக் கடன்களைப் பற்றி ஓரளவு தெரியும்.

போன ஆண்டு ஏப்ரலில், கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்னால், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்தாள். கவிதை எழுதுகிறவள். தமிழ்ப் பாடம் முடிந்த பிறகும் வந்து போய்க்கொண்டிருந்தாள். அன்று கவிதை கொண்டுவரவில்லை. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் ‘எம்.எஸ்ஸி.’, வலப்பக்கம் ‘வேலை’.

இடப்பக்கத்தில், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம், விடுதியோடு ஆண்டுக்கு 1.75 லட்சம், இரண்டு ஆண்டுக்கு 3.5 லட்சம் கல்விக் கடன். வலப்பக்கத்தில், ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளர் வேலை, மாதம் 15,000 ரூபாய்.

“அம்மா, எது சரின்னு சொல்லுங்க.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்து ஆண்டுக்கு முன் இதே மேசையில் இன்னொருத்திக்கு உடனே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது அரசு உதவிபெறும் கல்லூரி. தமிழும் வரலாறும் வேதியியலும் உதவிபெறும் பிரிவில் இருக்கின்றன. பின்னால் வந்த உயிர்வேதியியல் சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே மணியோசை, இரண்டு விதக் கட்டணம். 2013இல் முதலாண்டுப் பெண் ஒருத்தி இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட முடியாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து நின்றாள். நான்தான் தடுத்தேன். “கடனுக்குப் பயப்படாதே. படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய்க் கட்டிக்கலாம்” என்றேன். அவளோடு வங்கிக்கும் போனேன். அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பெண்ணின் படிப்பை நிறுத்தவிடாமல் காப்பாற்றிவிட்டேன் என்கிற பெருமை.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம் கிடைத்தது. நான்கு லட்சத்துக்குள் என்பதால் பிணை கேட்கவில்லை. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றார் மேலாளர். நான் அதைப் பெரிய சலுகையாக அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது என்பதைச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், எனக்கே அது சரியாகத் தெரியாது.

பிறகு கற்றுக்கொண்ட கணக்கு இது. 11 விழுக்காடு வட்டி என்றால் முதலாண்டு வாங்கிய லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 44,000. இரண்டாம் லட்சத்துக்கு மூன்று ஆண்டு, 33,000. மூன்றாம் லட்சத்துக்கு இரண்டு ஆண்டு, 22,000. முதல் தவணை கட்டும் நாளில் மூன்று லட்சம் ஏறத்தாழ நான்கு லட்சமாகியிருக்கும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் 6,830 ரூபாய். மொத்தம் கட்டுவது 5.7 லட்சத்துக்கும் மேல்.

அவளுக்குக் கிடைத்த வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில். சேர்க்கும்போதே “டி.எம்.எல்.டி. இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூட நுட்புநர் பட்டயம் முடித்தவளுக்கு ஒரு சம்பளம், உயிர்வேதியியல் பட்டம் முடித்தவளுக்கு அதைவிடக் குறைவு. இவளுக்கு 9,000. அதில் 6,830 போனால் மிச்சம் 2,170. பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே அது போதாது. சில மாதம் கட்டினாள், சில மாதம் விட்டாள். வங்கியிலிருந்து அவள் அப்பாவுக்கு போன் வந்தது. பெற்றவர்தானே கூட்டுக் கடன்தாரர்.

பிறகு மாப்பிள்ளை வீடு வந்தது. நகை, சீர், மண்டபம் எல்லாம் பேசி முடித்த பிறகு பையனின் அக்கா கேட்டாளாம்: “லோன் இருக்குதாமே, அதை யாரு கட்டுவா?” தாலி கட்டுவதற்கு முன் கடன் அடைந்திருக்க வேண்டும் என்று முடிவானது. அவள் அப்பா வெளியில் மூணு வட்டிக்கு வாங்கி வங்கியில் அடைத்தார். 11 விழுக்காட்டுக் கடனை அடைக்க 36 விழுக்காட்டுக் கடன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை.

2019இல் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள்: “படிக்கும்போதே வட்டி ஓடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா.” கோபமாகச் சொல்லவில்லை. அன்று நான் ஏற வேண்டிய பேருந்து இரண்டு போய்விட்டன.

அதனால்தான் இந்தப் பெண்ணின் தாளை எடுத்துக்கொண்டு, முதலில் பென்சிலைத் தேடினேன்.

“உன் கணக்குல என்ன விட்டுப்போயிருக்குன்னு முதல்ல பாக்கலாம்” என்றேன். 3.5 லட்சத்துக்கு, படிப்பு இரண்டு ஆண்டு, தவணை விடுப்பு ஓராண்டு. அதே 11 விழுக்காட்டில் வட்டி 96,250. ஆக 4.46 லட்சம். ஏழு ஆண்டுக்கு மாதம் 7,640. பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 5,070 ஆகக் குறையும், ஆனால் கட்டி முடிக்கும்போது 9 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் 3.5 லட்சத்திலேயே நிற்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் ஒரு விழுக்காடு குறைக்கின்றன. பெண்களுக்கு அரை விழுக்காடு குறைக்கும் வங்கிகளும் உண்டு. மூன்றரை லட்சத்துக்கு அந்த அரை விழுக்காடு மாதம் 146 ரூபாய்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக்கால வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் உரியது. பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று எந்த மேலாளரும் எங்கள் பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதில்லை.

அடுத்து, அவள் வலப்பக்கத்தில் எழுதியிருந்த 15,000. இரண்டு ஆண்டு படித்தால் அந்தச் சம்பளம் போகும். 24 மாதம், 3.6 லட்சம். அதையும் படிப்பின் விலையில் சேர்க்க வேண்டும். கடன், வட்டி, கைவிட்ட சம்பளம் மூன்றும் சேர்த்து எட்டு லட்சம். எட்டு லட்சத்துக்கு என்ன வரும்? எம்.எஸ்ஸி. முடித்து அதே மருந்து நிறுவனத்துக்குப் போனால் இரண்டு ஆண்டு அனுபவமுள்ள பி.எஸ்ஸி. பெண்ணைவிட நாலாயிரம் ஐயாயிரம் கூடக் கிடைக்கலாம். தவணையோ 7,640. பி.எட். முடித்து ஆசிரியை ஆகலாம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் உயிர்வேதியியல் தனிப்பாடமாக இருப்பது மிகச் சில இடங்களில்தான். கணக்கு மாறுவது ஓர் இடத்தில். சி.எஸ்.ஐ.ஆர்.–யூ.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 உதவித்தொகை. அதற்கு எம்.எஸ்ஸி. வேண்டும். ஆனால் அந்த எம்.எஸ்ஸி. மூன்றரை லட்சத்துக் கல்லூரியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்குப் போகலாம். நுழைவுத் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகம் போகலாம். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களிலும் துறை இருக்கிறது. கட்டணம் பல மடங்கு குறைவு.

“ஒரு வருசம் வேலைக்குப் போ. கையில காசு சேரும். அடுத்த பிப்ரவரியில ஜாம் எழுது” என்றேன். கணக்குப்படி அது சரியான விடை.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “ஒரு வருசம் விட்டா வீட்ல கல்யாணம் பண்ணிடுவாங்கம்மா. லோன் போட்டுச் சேந்துட்டா ரெண்டு வருசத்துக்குப் பேச மாட்டாங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. எழுதாத வரி ஒன்றும் இருந்தது. அவள் 4.46 லட்சம் கொடுத்து வாங்கப் பார்த்தது எம்.எஸ்ஸி. பட்டத்தை மட்டுமல்ல. இருபத்தொன்றிலிருந்து இருபத்துமூன்று வரைக்குமான இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துத்தான். ஓர் ஆண் பிள்ளை இதே தாளை எழுதினால் அவனுக்குக் காத்திருப்பதற்குக் காசு செலவில்லை. ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, தேர்வெழுதி, நல்ல இடத்துக்குப் போவான். குறைந்த விலை வழி அவனுக்குத் திறந்திருக்கிறது. இவளுக்கு அந்த வழியில் கல்யாணம் நிற்கிறது. அதனால் விலை கூடிய வழியில் போகிறாள். பிறகு நாமே சொல்கிறோம், பெண் பிள்ளைகளுக்குக் கடன் கணக்குத் தெரியவில்லை என்று.

என் வீட்டுக் கணக்கையும் சொல்ல வேண்டும். நான் எம்.ஏ. சேரும்போது அம்மா தோட்டை அடகு வைத்தார். அதை மீட்கும்வரை பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், “தமிழ் படிச்சு என்ன வரப்போகுது?” 2004இல் எனக்குக் கல்யாணம். அப்பா ஒன்றரை லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினார். மாத வட்டி 4,500. அப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் என் தொகுப்பூதியம் 4,000. என் சம்பளத்தைவிட என் கல்யாணத்தின் வட்டி 500 ரூபாய் கூடுதல். பெரியப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கடன் அடைய ஒன்பது ஆண்டாயிற்று. அதற்குள் நான் முனைவர் பட்டமே வாங்கிவிட்டேன்.

அரசும் நெடுங்காலம் பெரியப்பாவைப் போலத்தான் யோசித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சுயமரியாதை இயக்கத்தில் நின்று தேவதாசி முறையை எதிர்த்தவர். ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை 1936இல் வெளியிட்டவர். அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் இருந்தது. பத்தாவது படித்தவளுக்கு 25,000, பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000, தாலிக்குத் தங்கமும் உண்டு. பெண்கள் படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான், பலரைப் பள்ளியில் நிறுத்தியும் வைத்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அவள் பட்டத்துக்கு அரசு கூடுதலாக வைத்த விலை 25,000, அதுவும் கல்யாணத்துக்காகத்தான் கைக்கு வரும். 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், ‘புதுமைப் பெண்’ என்று பெயர். அதே பணம் மணமேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. நான் பார்த்த மாற்றங்களில் இது பெரியது. வீட்டுக்குள் இன்னும் அந்த மாற்றம் நடக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கும் மாதாமாதம் அந்த ஆயிரம் வந்தது. சில மாதங்களில் அது அவள் அம்மாவின் குழு லோன் தவணைக்குப் போயிருக்கிறது.

அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மகளும் உடன் இருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், அன்று ஊரில் இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது இளைய பெண். காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்தேன்.

வட்டியை எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் யோசித்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. அவரிடம் குழு லோன் நோட்டு இருந்தது. எந்த வாரம் எவ்வளவு, அசலில் எவ்வளவு கழிந்தது, யார் கட்டாமல் விட்டதை மற்றவர்கள் பங்கு போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 4.46 லட்சம் என்றதும் நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்: “அப்போ மாசம் ஏழாயிரத்துக்கு மேல வரும் டீச்சர்.”

வேலைக்கு அனுப்பப் பயமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நானும் சம்பாதிச்சவதான் டீச்சர். பதினேழு வயசுல மில்லுக்குப் போனேன். மூணு வருசம் உள்ளேயே தங்கல். முடிச்சா முப்பதாயிரம்னாங்க. அதுலதான் எனக்குக் கல்யாணம்.”

திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் அதற்குப் பெயர் சுமங்கலித் திட்டம். சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருவார்கள், இடையில் நின்றால் பலருக்கு அதுவும் இல்லை. பெண் சீக்கிரம் சம்பாதிப்பது நல்லது என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். இந்த மண்ணில் அந்தச் சம்பாத்தியத்துக்கு ஒரு பழைய வழித்தடம் உண்டு. அது அவள் தாலியில் போய் முடியும், அல்லது தம்பியின் கட்டணத்தில்.

“இவளுக்குக் கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும்னு வெச்சிருக்கீங்க?”

“எப்படிச் சுருக்குனாலும் அஞ்சு லட்சம்.”

“கடன்தானே?”

“பின்ன? நகைச்சீட்டு ஒண்ணு போட்டுட்டு வர்றேன். மிச்சம் கடன்தான்.”

“அது எப்போ திரும்ப வரும்?”

அவர் சிரித்துவிட்டார். “அது எங்க டீச்சர் திரும்ப வரும்?” சிரிப்பு முடிந்த பிறகு மகளைப் பார்த்தார். மகள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெண் விடுதலை பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்று வரிகள் மட்டும் அந்தக் குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். ஒன்று, தனியார் எம்.எஸ்ஸி. இரண்டு, வேலை. மூன்று, கல்யாணம், 5 லட்சம், வரவு என்ற இடத்தில் கோடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. என் வாழ்க்கையிலும் முதல் தடவைதான்.

மகளுக்கு ஜூன் முதல் வேலை. சம்பளம் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வரும், ஏ.டி.எம். அட்டை அவளிடம் இருக்கும். வீட்டுக்கு 4,000 தருவாள். பிப்ரவரியில் ஜாம் எழுதுவாள், மற்ற நுழைவுத் தேர்வுகளும். அடுத்த ஜூன் வரை வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு இல்லை. அம்மா ஒப்புக்கொண்டார். “அவுக அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை ராத்திரிச் சண்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை வெற்றிக் கதையாக எழுத எனக்குத் தயக்கம். கமலா சோஹோனியின் படம் எங்கள் உயிர்வேதியியல் துறைச் சுவரில் இருக்கிறது. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், பெண் என்பதற்காக சி.வி. ராமன் முதலில் இடம் மறுத்தார். வாதாடி, நிபந்தனைகளோடு சேர்ந்து, பிறகு கேம்பிரிட்ஜில் 1939இல் முனைவர் பட்டம் பெற்றவர். அப்பாவும் அவருடைய சகோதரரும் வேதியியல் படித்தவர்கள். அவருக்குக் கட்டணம் தடையாக இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இன்று யாரும் இடம் இல்லை என்பதில்லை, இடத்தின் விலையைச் சொல்கிறார்கள். அந்த விலையைக் கொடுக்கலாமா என்று கேட்கும்போது நாங்கள் ஆசிரியைகள் ‘தைரியமா இரு’ என்று மட்டும் சொல்லிவந்தோம். நானும் சொன்னேன். அந்தத் தைரியத்துக்கு மாதம் 6,830 ரூபாய் கட்டியவள் வேறொருத்தி.

கடனே வாங்காதே என்று இப்போதும் நான் சொல்வதில்லை. நல்ல இடம் கிடைத்து, வேறு வழியில்லாமல், வட்டியைத் தெரிந்துகொண்டு வாங்கும் கல்விக் கடன் கல்யாணக் கடனைவிட எவ்வளவோ மேல். கேட்பது ஒன்றுதான். கணக்குப் போடும்போது மூன்று வரியும் போடுங்கள். அம்மாவை உட்காரவைத்துப் போடுங்கள். அவருக்கு நம்மைவிட நன்றாக வட்டி தெரியும்.

நவம்பரில் அவள் போன் செய்தாள். வீட்டுக்கு ஒரு தரகர் வந்து போனாராம். என் வயிறு கலங்கியது. “அம்மா என்ன சொன்னாங்க?” என்றேன்.

“ஜூனுக்கு அப்புறம் வாங்கன்னு சொல்லி, காபி மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்கம்மா.”

பிப்ரவரியில் தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை.